மகேந்திரன் அண்ணை இடம் மாற்றிய விளக்கு

மகேந்திரன் அண்ணை போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது, நான் எங்கள் முதியோர் இல்லத்தில் ஒருவருக்குச் சூப் ஊட்டிக்கொண்டிருந்தேன். அண்ணையின் மனைவி சகுந்தலா அக்காதான் தொலைபேசி எடுத்தார். "அண்ணை எழும்பேல்ல பிள்ளை" என்று மட்டும் சொன்னார். கரண்டியை வைக்கத் தோன்றாமல் பிடித்தபடியே நின்றேன். அந்தக் கட்டடத்தில் குழாய் ஒழுகினாலும் கதவு இறுகினாலும் இத்தனை வருடமும் நாங்கள் கூப்பிட்டது அவரைத்தானே. இனி யாரைக் கூப்பிடுவது?

அவரோடு பழகிய உங்களுக்கு அவருடைய வாயைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அவரிடம் வாங்கிக் கட்டாதவர்கள் நாங்கள் வந்து குடியேறிய இந்த லாங்கன்தாலில் யார் இருக்கிறார்கள்? செத்தவீடு என்றால் முதல் ஆளாக வந்து நிற்பார். எதை எங்கே வைப்பது, எப்போது எடுப்பது எல்லாம் அவர் சொன்னபடிதான். "முறை எண்டா முறைதான்" என்பார். ஒருமுறை ஐயரையே இடையில் நிறுத்தித் திருத்தினார். ஐயரும் திருத்திக்கொண்டார். அப்படிப்பட்டவர் தன் சொல்லைத் தானே மாற்றிய நாளைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

என் மகள் மாதம் நிறையாமல் பிறந்தவள். வைத்தியசாலையிலிருந்து அவளை வீட்டுக்குக் கொண்டுவந்த கிழமையே மட்டக்களப்பில் என் அப்பா இறந்துபோனார். பச்சைக் குழந்தையை விட்டுவிட்டு எங்கே போவது? போகாதவளுக்கு மிஞ்சியது ஒரு படமும் ஒரு விளக்கும்தான். அண்ணை வந்து, எங்கள் ஹோலில் திசை பார்த்து, சுவரில் தட்டு அடித்து, அப்பாவின் படத்தை வைத்து விளக்கை ஏற்றினார். முப்பத்தோராம் நாள் வரைக்கும் இது அணையவும் கூடாது, அசையவும் கூடாது என்றார். நான் அந்தச் சொல்லை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

நாங்கள் இருந்தது பழைய வாடகை வீடு. அறைகளின் சுவரடியில், தகர மூடிக்குள், சுடுதண்ணீர்க் குழாய் ஓடும். அதுதான் வீட்டுக்குச் சூடு. விளக்கு வைத்த அடுத்த நாளிலிருந்து பிள்ளை படுக்கும் எங்கள் படுக்கையறை குளிரத் தொடங்கியது. ஹோலில் ஆட்கள், தேத்தண்ணீர், கதை. அங்கே அவ்வளவாகத் தெரியவில்லை. குழாய் கடைசியாகப் போய்ச் சேரும் எங்கள் படுக்கையறையில் ஜன்னல் கண்ணாடி உள்பக்கமாக நனைந்து வழிந்தது. வீட்டு நிர்வாகம் அனுப்பிய ஆள் கீழே கொதிகலனை மட்டும் பார்த்துவிட்டு, எல்லாம் சரி என்று போய்விட்டான். மின்சார ஹீற்றரைப் போட்டால் பியூஸ் போனது. பிள்ளையை ஹோலுக்குக் கொண்டுவரவும் முடியாது. துக்கம் விசாரிக்க வருகிறவர்களில் பாதிப் பேருக்கு இருமல். வீட்டுக்கு வந்து குழந்தையைப் பார்க்கும் ஹெபாமே, அதுதான் மருத்துவிச்சி, பிள்ளையின் காலைத் தொட்டாள். உதட்டைப் பார்த்தாள். நாளைக்கும் இந்த அறை இப்படியே இருந்தால் பிள்ளை திரும்ப வைத்தியசாலைக்குத்தான் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று பின்னேரம் முழுவதும் அண்ணை அந்த வீட்டில் தவழ்ந்தார். வேறு சொல் இல்லை. அறை அறையாக முழங்காலில் போய்க் குழாயில் கையை வைத்தார். ஹோலில் இளஞ்சூடு, நடு அறையில் அதிலும் குறைவு, எங்கள் அறையில் பச்சைத்தண்ணீர். கட்டில் குழாயை மறைக்கிறது என்று கட்டிலை இழுத்துப் போட்டார். உள்ளே காற்று நிற்கிறது என்று கடைசி முனையில் இருந்த சின்னத் திருகைத் திறந்தார். காற்று சீறிக்கொண்டு வந்தது, பிறகு கறுப்புத் தண்ணீர் வந்தது. கொஞ்சம் சூடு ஏறியதுபோல இருந்து மறுபடி போய்விட்டது. குழாயை ஏசினார், என்னையும் ஏசினார். நான் பிள்ளையை நெஞ்சோடு போர்த்திக்கொண்டு, இந்த மனிசனால் முடியாது, வாய் மட்டும்தான் என்று நினைத்தேன். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

விடிய எழும்பியபோது அறை வெதுவெதுப்பாக இருந்தது. சந்தோசப்படுவதற்குள் ஹோலைப் பார்த்தேன். விளக்கு அணைந்திருந்தது. எண்ணெய் வற்றிவிட்டது. ஐயோ அப்பா என்று நிலத்தில் இருந்துவிட்டேன். அண்ணை வந்ததும் கத்துவார் என்று தெரியும், கத்தினார். கத்திக்கொண்டே எண்ணெய் விட்டு ஏற்றினார். பிறகு எங்கள் அறைக்குப் போய்க் குழாயில் கையை வைத்தவர், அதை எடுக்காமல் அப்படியே குந்தியிருந்தார். நல்ல சூடாக இருந்த குழாய் அவருடைய கைக்குக் கீழே மெல்ல மெல்ல ஆறிக்கொண்டிருந்தது.

எழும்பி ஹோலுக்கு வந்து விளக்கைப் பார்த்தார். அதற்கு நேர் மேலே சுவரில் ஒரு சின்ன வெள்ளைப் பெட்டி. வீட்டின் சூட்டை அளந்து, போதும் என்றால் தண்ணீரைச் சுற்றவிடும் பம்பை நிறுத்துவது அதுதான். அதற்குத் தெரிந்ததெல்லாம் அப்பாவின் விளக்கினுடைய சூடு. இரவும் பகலும் அது போதும், போதும் என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. விளக்கு அணைந்த இரவில்தான் பம்பை ஓடவிட்டிருக்கிறது.

ஹெபாமே வரும் நேரம் நெருங்கிவிட்டது. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். அண்ணை விளக்கைக் கையில் எடுத்தார். ஒருவர் பதறிப்போய், முப்பத்தொன்று முடியாமல் அசைக்கக் கூடாது என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்றார். உள்ளுக்குள் நானும் அதையேதான் கேட்டேன். அந்த விளக்கைத் தவிர என் அப்பாவுக்கு நான் வேறு என்ன செய்துவிட்டேன்?

"ஓம், நான்தான் சொன்னனான். இடம் பாத்ததும் நான்தான். பிழை" என்றார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "செத்தவைக்குக் குளிராது, பிள்ளை. குழந்தைக்குக் குளிரும். கொப்பர் இருந்திருந்தா முதல் ஆளா எழும்பி இடம் விட்டிருப்பார்."

சுடரைக் கையால் மறைத்துக்கொண்டு எதிர் மூலைக்குக் கொண்டுபோனார். நான் படத்தைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். அன்றைக்குத்தான் அப்பாவுக்காக வாய்விட்டு அழுதேன். ஹெபாமே வந்தபோது குழாய் சூடேறி டிக் டிக் என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. அறையில் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, பிள்ளை இங்கேயே இருக்கட்டும் என்றாள்.

அதன் பிறகு எந்தச் செத்தவீட்டிலும் அண்ணை விளக்கு வைக்கமுன் சுவரை அண்ணாந்து பார்ப்பார். பெட்டி எங்கே இருக்கிறது என்று கேட்பார். விசயம் தெரியாதவர்கள் அதையும் ஒரு முறை என்று நினைத்துக்கொண்டார்கள். அவரும் திருத்தவில்லை, அவருக்கு வெட்கம்.

அவரைப் பார்வைக்கு வைத்திருந்தபோது என் மகளையும் கூட்டிப் போனேன். இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். அவருடைய கையைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள். அன்று சகுந்தலா அக்கா வீட்டில் அவருடைய படத்துக்கு விளக்கு வைக்கும் வேலை எனக்கு வந்தது. சுவரை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் வைத்தேன்.

வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றும்போது மகள் கேட்டாள்:

"அம்மா, மாமாவுக்குக் குளிராதோ?"

"செத்தவைக்குக் குளிராது" என்றேன். அவர் சொன்ன மிச்சத்தைச் சொல்ல வாய் வரவில்லை. அவளை இழுத்து அணைத்துக்கொண்டேன். மகேந்திரன் அண்ணை எனக்கென்று விட்டுப்போனது அவளைத்தான். குளிருக்குள்ளால் நடந்து வந்தும் பிள்ளை சூடாக இருந்தாள்.