முத்துமீனாவும் பிடிவாதக்காரப் பெட்டியும்

டி. கல்லுப்பட்டிப் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், முத்துமீனா பிடித்தால் பிடித்ததுதான் என்று. களையெடுக்கக் கூப்பிட்டால் முணுமுணுக்காமல் போகிற பிள்ளை, ஐ.டி.ஐ.யில் தையல் படி என்றதும் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டது. "மோட்டார்தான் படிப்பேன்." படித்தாள். கட்டிக்கொண்டவனும் நல்லவனாக அமைந்தான். இப்போது வாடிப்பட்டி ரோட்டில் அவளுக்கென்று ஒரு பட்டறை இருக்கிறது. "பொம்பளப் பட்டறை" என்று டிரைவர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு அங்கேதான் வண்டியை விடுவார்கள்.

சோணையும் அப்படித்தான் வந்தார். வாடகைக் கார் ஓட்டுகிறவர், பிழைப்பு அந்த ஒரே கார். அதுவோ கரும்புகையாய்க் கக்கியது, பெட்ரோலைத் தண்ணீராய்க் குடித்தது. சனிக்கிழமை காலை புகைச் சோதனை. அதில் தோற்றால் வண்டி ரோட்டில் ஏறக்கூடாது.

இந்தக் காலத்துக் காருக்குள் ஒரு கம்ப்யூட்டர் பெட்டி உட்கார்ந்திருக்கிறது. புகைக்குழாயில் செருகிய சென்சார்தான் அதற்கு மூக்கு. புகையை மோந்து பார்க்கும். பெட்ரோல் கூடிப் போனால் குறைக்கும், காற்று கூடிப் போனால் பெட்ரோலை ஊற்றும். கண் இமைக்கிற நேரத்துக்குள் எத்தனை முறை! அடுப்பில் கொதிக்கிற குழம்பை விட்டு அகலாமல் ருசி பார்த்துப் பார்த்து உப்பும் புளியும் சேர்க்கிற கை எந்த வீட்டில் இருக்கிறது? இந்தப் பெட்டிக்கு இருக்கிறது.

முத்துமீனா லேப்டாப்பைச் சொருகி பெட்ரோல் அளவைக் குறைத்தாள். புகை நின்றது. சோணை சந்தோஷமாய்த் திருவாதவூருக்குச் சவாரி போனார். திரும்பி வரும்போது பின்னால் வந்தவர்கள் எல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார்கள். இன்னும் குறைத்தாள். பெட்டி இன்னும் கூட்டியது.

"நீ குறைக்கிற, அது கூட்டுது. மாமியா மருமக சண்டையால்ல இருக்கு" என்றார் சோணை.

"நான் மாமியாவா, மருமகளாண்ணே?"

"யாரா வேணா இருந்துக்க ஆத்தா. நடுவுல எங்குடும்பம் சாகுது."

பக்கத்து டயர் கடை ராம்கி எட்டிப் பார்த்தான். "அந்த மூக்கு ஒயர அத்துவிட்டா சோலி முடிஞ்சுதுக்கா. நீ வச்சதுதான் அளவு."

"காலையில குளிரு, மத்தியானம் கொள்ளிவெயிலு. ரெண்டுக்கும் ஒரே அளவு எப்படிடா காணும்? கண்ணத் தோண்டிட்டு ரோட்டுல விடச் சொல்றியா?"

"அப்ப நாளைக்கு என்னக்கா செய்வ?"

அன்றைக்கு வெள்ளிக்கிழமை, பொழுதும் சாய்ந்துகொண்டிருந்தது. முத்துமீனா பேனட்டில் கையூன்றி நின்றாள். இந்தப் பெட்டிக்கு என்மேல் என்ன பகை, என்று யோசித்தாள். ஒரு பகையும் இல்லை. மூக்கு சொன்னதை அது செய்கிறது. காற்று கூடுதல் என்று மூக்கு சொல்கிறது. அப்படியானால் மூக்குக்கு எங்கிருந்தோ வெளிக்காற்று வருகிறது! இஞ்சின் ஒவ்வொரு முறை புகையைத் தள்ளியதும் குழாய்க்குள் ஒரு இழுப்பு இழுக்கும். மூக்குக்கு முன்னால் மயிரிழை விரிசல் இருந்தாலும் போதும், அந்த இழுப்பில் காற்று உள்ளே போய்விடும். ஆனால் குழாயைச் சுற்றித் தகரக் கவசம். டார்ச் அடித்தாள், தடவிப் பார்த்தாள். ஒன்றும் அகப்படவில்லை.

அப்போதுதான் ராம்கி வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியைக் கடை முழுக்கக் காட்டிக்கொண்டு வந்தான். புகை டயர் அடுக்கின் சந்துபொந்தெல்லாம் நுழைந்து வெளியே வந்தது. முத்துமீனா அதையே பார்த்தாள்.

"டேய், அதக் குடு!"

"சாமிக்கிக் காட்டுறதாச்சேக்கா!"

"சாமி கோவிச்சுக்கிடாது. கொண்டா."

சீட்டுத் தூசி ஊதுகிற மிஷினின் காற்றிழுக்கிற வாயைச் சாம்பிராணிக்குப் பக்கத்தில் வைத்து, அதன் ஊதுகுழாயைச் சைலன்சருக்குள் விட்டு, இடைவெளியை ஈரத்துணியால் அடைத்தாள். மெல்ல ஊதவிட்டாள். மூன்று பேரும் இஞ்சினுக்கு மேல் குனிந்து நின்றார்கள். வெகுநேரம் ஒன்றுமில்லை. சோணை ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் தகரக் கவசத்தின் அடியிலிருந்து வெள்ளை நூல் மாதிரி ஒரு புகை எழுந்தது. ஆடாமல் அசையாமல் நேரே மேலே போனது. சாம்பிராணி வாசம் இஞ்சினைச் சுற்றி நிறைந்தது. ராம்கி தன்னையறியாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டான். சிரிக்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

கவசத்தைக் கழற்றினால், சென்சாருக்குச் சற்று மேலே, பற்றவைத்த இடத்தில் தலைமுடி அளவுக்கு ஒரு விரிசல். குழாயை இறக்கி, சுரண்டி, வெல்டிங் வைத்து, திரும்ப மாட்டினாள். பெட்ரோல் அளவையும் கம்பெனி வைத்தபடியே திருப்பி வைத்தாள்.

காலையில் சோணை வண்டியைக் கிளப்பினார். பின்னால் கரும்புகை!

"இன்னும் அடிக்குதே தாயி!"

"பெட்டி இத்தன நாளும் கூட்டிக் கூட்டிப் பழகிருச்சுண்ணே. இப்ப மூக்கு நெசத்தச் சொல்லுதுல்ல, தானா எறங்கும்."

"அந்தப் பழக்கத்த லேப்டாப்புல அழிச்சு விட்டுரு தாயி."

"நான் அழிக்க மாட்டேன். அது தானா எறங்குனாத்தான் விரிசல் அடைஞ்சிச்சுன்னு அர்த்தம். போகப் போகப் பாருங்க."

சோணை அரைமனசாய் வண்டியைச் சோதனைக்கு விட்டார். பக்கத்து சீட்டில் முத்துமீனா லேப்டாப்பை மடியில் விரித்திருந்தாள். பெட்டி எவ்வளவு கூட்டி ஊற்றுகிறது என்று எண் ஓடியது. நூற்றுக்கு இருபதுக்கு மேல் இருந்தது. வாடிப்பட்டிப் பக்கம் வண்டி ஓட ஓட பதினைந்து, பதினொன்று என்று இறங்கியது. யாரும் தொடவில்லை. எங்கோ யாரோ செய்த பெட்டி. தான் இத்தனை நாள் சரியென்று நம்பியதை ஒவ்வொன்றாகக் கைவிடுகிறது. ரோஷமில்லை, வீம்பில்லை. அவளுக்குப் புல்லரித்தது. எண் நாலுக்கு வந்தது. இரண்டு. அப்புறம் பூஜ்யத்தைச் சுற்றியே மிதந்தது.

சோதனைக்காரர் சைலன்சரில் கம்பியை விட்டு, மிஷினைப் பார்த்தார். நம்பாமல் இன்னொரு தடவை பார்த்துவிட்டு, "பாஸு" என்றார்.

சோணை முகத்தைத் துண்டால் துடைத்தார். துடைத்தது வேர்வையை மட்டுமல்ல. "வா ஆத்தா, மொதல்ல ஒரு டீயக் குடிப்போம்" என்று சாவியைத் திருகக் கை வைத்தார்.

"அணைக்காதீங்கண்ணே" என்றாள் முத்துமீனா, லேப்டாப்பில் ஓடுகிற எண்ணிலிருந்து கண்ணை எடுக்காமல். "செத்த நேரம் ஓடட்டும்."