கேட்டோரம் மட்டும் செழித்த புல்

வெஸ்ட் கோரிங்கில் ஒரு வீட்டின் கழிவுத்தொட்டி எங்கே புதைந்து கிடக்கிறது என்று பெரும்பாலும் அந்த வீட்டுக்காரருக்கே தெரியாது. வெர்னா லாப்ளான்டுக்குத் தெரியும். மார்ச் மாதத்தில் தெருவோடு போகும்போதே பார்த்து வைத்துக்கொள்வாள். முற்றம் முழுக்க முழங்கால் அளவு பனி கிடக்க, ஓரிடத்தில் மட்டும் அடிச்சூட்டில் பாய் அகலத்துக்கு உருகிப் பழுப்புப் புல் எட்டிப் பார்க்கும். அங்கேதான் தொட்டி. மே மாதம் வீட்டுக்காரர் கையைப் பிசைந்துகொண்டு நிற்கும்போது நேராகப் போய் மண்வெட்டியால் இரண்டு போடு போடுவாள். மூடி 'ணங்' என்று பதில் சொல்லும்.

அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. அப்பாவின் முதுகு பழுதாகிப் படுத்த வருடம், பதினேழு வயதில் வண்டியில் ஏறியவள் அப்புறம் இறங்கவேயில்லை. வெர்மான்ட்டின் வடகோடியில் வெஸ்ட் கோரிங்கையும் சேர்த்து மூன்று ஊர்களுக்கும் இருந்த ஒரே தேன்வண்டி அவளுடையதுதான். கழிவு உறிஞ்சும் வண்டிக்கு அங்கே அதுதான் பெயர். சொல்லும்போது யாரும் சிரிப்பதுகூட இல்லை. "தொட்டிக்குள்ள என் பல்செட்டு விழுந்துடுச்சு, பாத்து எடுத்துக் குடு வெர்னா" என்று வருடத்துக்கு ஒருவராவது வந்து நிற்பார்கள். "எடுத்துத் தர்றேன். மறுபடி வாயில வைக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணு" என்பாள்.

உறிஞ்சிய கழிவைக் கொட்ட அவள் யார் காலிலும் விழ வேண்டியதில்லை. வீட்டுக்குப் பின்னால் பதினெட்டு ஏக்கர் புல்வெளி சொந்தமாக இருந்தது. கழிவில் சுண்ணாம்பைக் கலந்து, அரை மணி நேரம் வைத்திருந்து, கிருமி செத்த பிறகு வண்டியின் பின்பக்கத் தட்டு வழியாகப் புல்லின் மேல் விசிறியடிப்பாள். அதன்பின் ஒரு மாதத்துக்குப் புல்லில் கை வைக்கக் கூடாது. அப்புறம் அறுத்து, வெயிலில் காயவைத்து, கட்டுக் கட்டிப் பால்பண்ணைகளுக்குப் போடுவாள். அறுத்துக் கட்டும் வேலை தம்பி ஆர்மண்டுடையது. "ஊரு தின்னது புல்லாகி, பாலாகி, சீஸாகி மறுபடி ஊரு வாய்க்கே போகுது. நாம ரெண்டு பேரும் நடுவுல நின்னு வழி காட்டுறோம், அவ்வளவுதான்" என்று அவன் சாப்பாட்டு மேசையில்தான் சொல்வான். வேறு இடத்தில் சொல்ல அவனுக்குத் தோன்றாது.

இதில் அரசாங்கம் வைத்திருந்த கணக்கு ஒன்றே ஒன்று. புல் எவ்வளவு தின்னுமோ அவ்வளவுதான் ஊற்றலாம். அதற்கு மேல் ஊற்றினால் மிஞ்சுகிற தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், மண்ணுக்குள் இறங்கி ஊர்க் கிணறுகளில் போய்ச் சேரும். புல் எவ்வளவு தின்றது என்பதற்குச் சாட்சி, வயலை விட்டுப் போகும் கட்டுகளின் எடை. ஏக்கருக்கு நாலு டன் விளைந்த காலத்தில் வெர்னாவுக்குக் கவலையே கிடையாது. ஆனால் அந்தத் தொண்ணூற்றாறாம் வருடம் அது இரண்டரை டன்னுக்கு இறங்கியிருந்தது. புல் பச்சையாகத்தான் இருந்தது. தலைமுடி கொட்டின மாதிரி ஆங்காங்கே அடர்த்திதான் இல்லை.

அக்டோபரில் வந்த அரசாங்கத்து ஆய்வாளர் கீனன் வயலைச் சுற்றி நடந்துவிட்டு வண்டியோரம் நின்றார். நல்ல மனிதர். காலணியைத் துடைக்காமல் தன் காரில்கூட ஏற மாட்டார்.

"மேடம், மூணு டன்னுக்குக் கீழ போச்சுன்னா ஊத்துற அளவை நான் பாதியாக் கொறைச்சாகணும். அடுத்த அக்டோபர்ல உங்க அனுமதியைப் புதுப்பிக்கணும். அந்த வருஷ எடையைப் பாத்துத்தான் எழுதுவேன்."

"மீதிப் பாதியை நான் எங்க கொண்டு போறது, மிஸ்டர் கீனன்?"

"நகரத்துச் சுத்திகரிப்பு நிலையம் வாங்கிக்கும்."

"அறுபது மைலு! என் வண்டி அறுபது மைலு போயிட்டு வர்றதுக்குள்ள இங்க பாதி வீட்டுல தொட்டி பொங்கிடும்."

கீனன் சிரித்துவிட்டார். வெர்னாவும் சிரித்தாள். அவர் கார் கண்ணிலிருந்து மறைந்த பிறகு அவள் முகத்தில் அந்தச் சிரிப்பு இல்லை. அந்தப் பழைய வண்டி அறுபது மைல் தாங்காது. பாதி வேலையை வைத்துக்கொண்டு புது வண்டி வாங்கவும் முடியாது. முப்பத்தைந்து வருடத் தொழிலுக்கு இன்னும் ஒரே ஒரு கோடைதான் கையில் இருந்தது.

ஆர்மண்டுக்கு எதற்கும் உடனே ஒரு வழி தோன்றிவிடும். "பசிச்சுக் கெடக்குது, இன்னும் கொஞ்சம் ஊத்து. யாரு வந்து அளக்கப் போறா? கேட்டுப் பக்கம் பாரு, புல்லு இடுப்பு வரைக்கும் நிக்குது. ஏன்? திரும்புறப்ப உன் வண்டி அங்க ஒழுகுது. கூடப் போன எடத்துல கூட வளந்திருக்கு."

அவன் சொன்ன மூலை உண்மைதான். கேட்டைத் தாண்டிய சரிவின் அடியில் அரை ஏக்கர் மட்டும் தளதளவென்று வளர்ந்து, நடுநடுவே க்ளோவர் என்ற சிவப்புப் பூத் தீவனச்செடியும் மண்டிக் கிடந்தது.

"நான் அங்க வால்வை மூடிட்டுத்தான் திரும்புவேன்."

"மூடுவே. சொட்டாதா? அதுக்கு வயசு என்ன, உனக்கு வயசு என்ன?"

வெர்னாவைச் சொன்னால்கூடப் பொறுத்துக்கொள்வாள். வால்வைச் சொன்னால் பொறுக்க மாட்டாள். மறுநாள் காலையில் வெள்ளைப் படுக்கை விரிப்பு ஒன்றை எடுத்துக்கொண்டு போய் அந்தத் திருப்பத்தில் விரித்துப்போட்டு, தொட்டி நிறைந்த வண்டியை அதன்மேல் நாலு தடவை ஓட்டித் திருப்பினாள். சக்கரத்தடம் விழுந்தது, ஒரு சொட்டு விழவில்லை.

"பாத்தியா?"

"பாத்தேன்" என்றான் ஆர்மண்ட். "அந்த விரிப்பை வீட்டுக்குள்ள மட்டும் கொண்டு வந்துடாதே."

அப்படியானால் அந்த மூலைக்கு எங்கிருந்து சாப்பாடு வருகிறது? டிசம்பர் வரைக்கும் அவளுக்கு விளங்கவில்லை.

டிசம்பரில் முதல் பனிக்கட்டி இறுகியது. கேட்டுச் சரிவு கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. வண்டிச் சக்கரம் வழுக்காமல் இருக்க, அந்தப் பக்கத்து ஜனங்கள் எல்லாரும் செய்வதைத்தான் வெர்னாவும் செய்தாள்: விறகடுப்புச் சாம்பலை வாளியில் அள்ளிக்கொண்டு போய்ச் சரிவில் வீசினாள். மூன்றாவது கை வீசும்போது கை அப்படியே நின்றது. சாம்பல் கறுப்பாகச் சரிவில் படிந்திருந்தது. ஏப்ரலில் பனி உருகினால் இது எங்கே போகும்? கண் தானாகச் சரிவின் அடிக்குப் போயிற்று. அந்த மூலைக்குத்தான். முப்பத்தைந்து குளிர்காலமாக, வருடா வருடம், அவள் கையாலேயே.

உள்ளே போய்க் கடப்பாரையை எடுத்துவந்தாள். உறைந்த மண்ணை உடைத்து, மூலை மண்ணை ஒரு ரொட்டிப் பையிலும் நடுவயல் மண்ணை இன்னொரு ரொட்டிப் பையிலும் போட்டுப் பல்கலைக்கழகத்து மண் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினாள். ஜனவரியில் இரண்டு தாள்கள் வந்தன. நடுவயலில் மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், தேவைக்கு மேல் கிடந்தது. சாம்பல் சத்து, அதாவது விறகுச் சாம்பலில் இருக்கும் பொட்டாஷ், அடிமட்டம். மூலையில் சாம்பல் சத்து நிரம்பி வழிந்தது. தொட்டிக் கழிவில் தழையும் மணியும் உண்டு, சாம்பல் சத்து பேருக்குத்தான். புல்லோ அதை வாரி வாரித் தின்றுவிட்டுக் கட்டோடு கட்டாகப் பண்ணைகளுக்குப் போய்விடும். வருடக்கணக்காகச் சோறும் குழம்பும் தட்டு நிறைய வைத்துவிட்டு உப்பை மறந்த கதைதான். இந்த லட்சணத்தில் இன்னும் குழம்பை ஊற்றியிருந்தால் கிணறுதான் கெட்டிருக்கும்.

"ஆக, நான் சொன்னது தப்பு" என்றான் ஆர்மண்ட்.

"நீ சொன்னது தப்பு. நான் செஞ்சதும் தப்பு. தூக்கி வீச வேண்டிய எடத்தை விட்டுட்டு வழுக்குற எடத்துல வீசியிருக்கேன்."

அன்றிலிருந்து தேன்வண்டியின் பக்கவாட்டில் நாலு தகரத் தொட்டிகள் தொங்கின. யார் வீட்டுக்குக் கழிவெடுக்கப் போனாலும் வெர்னா சாம்பலும் கேட்டாள். ஊர்ப் பொதுக்கூடத்தில் மாதாமாதம் சனிக்கிழமை விருந்து சமைக்கும் எல்டா ஃபார்னம் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"கழிவையும் எடுத்துக்கறே, அடுப்புச் சாம்பலையும் அள்ளிக்கறே. இந்த வீட்டுல வேற என்னதான் மிச்சம் வைக்கப் போறே?"

"உன் வீட்டுக்காரரை நீயே வச்சுக்கோ."

"அவரையும் கொண்டு போ. கழிவு, சாம்பல் ரெண்டுலயும் அவரு சேத்தி."

மார்ச்சில் மேப்பிள் மரச்சாற்றைப் பாகாகக் காய்ச்சும் கொட்டகைகள் புகைய ஆரம்பித்ததும் சாம்பல் வண்டி வண்டியாகக் குவிந்தது. பாகு காய்ச்சுகிறவர்கள் பழைய பலகைகளையும் அடுப்பில் போடுவார்கள். அதனால் வெர்னாவும் ஆர்மண்டும் சல்லடை போட்டுச் சலித்தார்கள். ஆணி, கீல், தகர மூடி, ஒரு முழு வெள்ளிக் கரண்டி. கரண்டிக்கு உரியவர் யாரென்று ஊர் முழுக்க விசாரித்தும் யாரும் வரவில்லை. எல்லாரும் கழிவு வண்டியிலிருந்துதான் கிடைத்தது என்று நினைத்துக்கொண்டார்கள்.

மே மாதம் ஒரு சனிக்கிழமை காலையில் ரோட்டோரத்து மூன்று ஏக்கருக்குச் சுண்ணாம்புக் கழிவை அடித்து முடித்தாள். சாம்பல் தூவும் கருவியை இரவல் வாங்கிவந்திருந்தார்கள். சாயங்காலம் திருப்பிக் கொடுக்க வேண்டும். வானம் பளிச்சென்று இருந்தது, வெயில் காய்ந்தது. "அடிச்சதும் தூவிடலாம், மண்ணு ஈரமா இருக்கு" என்றாள் வெர்னா. முப்பத்தைந்து வருடத் தொழில்காரி சொன்னால் ஆர்மண்ட் ஏன் மறுக்கப் போகிறான்? தூவினார்கள்.

ஐந்து மணிக்குக் காற்று திரும்பியது. அரை மைல் தள்ளி, பொதுக்கூடத்தில் ஊர் முழுக்க உட்கார்ந்து பீன்ஸும் பன்றிக்கறியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. ஆறு மணிக்கு எல்டா ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல் வயலுக்கு வந்து நின்றாள். கண் சிவந்து நீர் வடிந்தது.

"வெர்னா! இத்தனை வருஷம் நீ எதைக் கொட்டினாலும் மூக்கைப் பிடிச்சுக்கிட்டுக் குடும்பம் நடத்தினோம். இன்னைக்கு மூக்கைப் பிடிச்சா கண்ணு எரியுது! என் பீன்ஸுதான் கெட்டுப்போச்சுன்னு ரெண்டு பேரு தட்டை வச்சுட்டு எழுந்து போயிட்டாங்க!"

"பீன்ஸு சாப்பிட்டவங்க நாத்தத்தைப் பத்திப் பேசலாமா?" என்று ஆர்மண்ட் தொடங்கினான். இரண்டு பெண்களும் ஒன்றாகத் திரும்பிப் பார்த்ததும் டிராக்டருக்குப் பின்னால் போய் எதையோ தேடினான்.

வெர்னா குனிந்து மண்ணை முகர்ந்தாள். அமோனியா நெடி மண்டையில் ஏறியது. உடனே புரிந்துவிட்டது. சுண்ணாம்பு ஏறிய ஈரக் கழிவின்மேல் சாம்பலையும் போட்டு, வெயிலும் அடித்தால் தழைச்சத்து ஆவியாகக் கிளம்பிவிடும். ஊருக்குள் வீசியது வெறும் நாற்றம் இல்லை. மூன்று ஏக்கர் புல்லின் சாப்பாடு. மறுபடி ஊற்றிச் சரிக்கட்டவும் வழியில்லை. பறந்து போனது போனதுதான், ஆனால் அரசாங்கக் கணக்கில் ஊற்றியது ஊற்றியதுதான்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டைப் பொதுக்கூடத்திலேயே சாப்பிட்டாள். மன்னிப்புக் கேட்டுவிட்டு, ஆறிப்போன பீன்ஸ் இரண்டு தட்டுத் தின்று, பாத்திரம் முழுவதையும் கழுவிக் கொடுத்தாள். மீதிப் பதினைந்து ஏக்கருக்கும் கழிவு அடித்தபின் பத்து நாள் விட்டு, இரண்டு மழை பார்த்துச் சாம்பல் தூவினாள். இரவல் கருவியை நாலு தடவை போய்க் கேட்க வேண்டியிருந்தது.

ஜூன் அறுப்பு சுமார்தான். ஆர்மண்ட் கட்டுகளை எண்ணிவிட்டு விசில் அடிக்காமல் வந்தான். அது கெட்ட சகுனம். ஆகஸ்டில் வயல் மாறியது. வழுக்கையாகக் கிடந்த இடங்களில் க்ளோவர் தலைகாட்டியது. கத்தி ஓடும்போது டிராக்டரின் சத்தமே கனத்தது. செப்டம்பர் அறுப்பில் கொட்டகை மேல்தட்டு வரை நிறைந்தது. ரோட்டோரத்து மூன்று ஏக்கர் மட்டும் கடைசி வரை மெலிந்தே இருந்தது.

அக்டோபரில் கீனன் தராசோடு வந்தார். தானே கொட்டகை ஏறி இருபது கட்டுகளைப் பொறுக்கி எடுத்து நிறுத்தார். பிறகு வயலுக்குப் போய் ரோட்டோரத்தில் நின்றுவிட்டார்.

"இந்த எடம் மட்டும் ஏன் இப்படி இருக்கு மேடம்?"

ஆர்மண்ட் அவள் காதோரம் முணுமுணுத்தான். "மழை தண்ணி நின்னுச்சுன்னு சொல்லிடு."

வெர்னா சொல்லவில்லை. கேட்டு மூலையையும் மண் ஆய்வையும் வெயிலையும் சாம்பலையும் பீன்ஸையும் எல்டாவையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். கீனன் பேனாவைக் காதில் செருகிக்கொண்டு, தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். கண்ணோரம் நனைந்திருந்தது, சிரிப்பை அடக்கியதில் வந்தது. பிறகு காரின் முகப்பில் தாளை வைத்துப் பதினெட்டு ஏக்கரையும் சேர்த்துக் கூட்டி வகுத்தார். வெர்னா பக்கத்தில் நின்ற தேன்வண்டியின் வால்வுப் பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏக்கருக்கு மூணு டன்னுக்கு மேல எண்பது பவுண்டு."

"எண்பது பவுண்டா?"

"ரெண்டு கட்டு."

"ரெண்டே கட்டா!" என்றான் ஆர்மண்ட்.

"ரெண்டு கட்டு போதும்" என்று கீனன் கையெழுத்துப் போட்டார். "ஊத்துற அளவு அப்படியே இருக்கட்டும். ரெண்டு வருஷத்துக்கு ஒருதரம் மண்ணு ஆய்வு பண்ணணும். அப்புறம் ஒண்ணு: கேட்டு மூலையில இனிமே சாம்பல் வேண்டாம். அங்க ஏற்கெனவே எக்கச்சக்கமா ஏறிக் கெடக்கு."

அந்த டிசம்பரில் கேட்டுச் சரிவு மறுபடி இறுகியது. வெர்னா ஊர்ச் சாலைக் கிடங்கிலிருந்து மணல் வாங்கிவந்து குவித்திருந்தாள். காலையில் ஆர்மண்ட் காப்பிக் குவளையோடு இறங்கிவந்தவன், மணல் படாத ஓரத்தில் கால் வைத்து, உட்கார்ந்தபடியே சரிவின் பாதி வரை போய்ச் சேர்ந்தான். காப்பி எங்கோ போயிற்று.

"வெர்னா! கொட்டகை நெறையச் சாம்பல் வச்சிருக்கியே, ஒரே ஒரு கையாவது இங்க போடக் கூடாதா?"

"அது புல்லுக்கு உள்ளது" என்றாள் அவள், மண்வெட்டியில் மணலை அள்ளியபடி. "நீ மணல்ல நட."