பனிக்குள் ஏறிய அப்பா

எங்கள் வீட்டில் பெரியவர்கள் இருவர் பேச்சை நிறுத்திக்கொண்டால் அன்றிலிருந்து எனக்கு வேலை கூடிவிடும். ஷார்ஜாவில் ஒரே ஒரு படுக்கையறை கொண்ட ஃப்ளாட். ஹாலில் கையெட்டும் தூரத்தில்தான் அப்பாவும் சித்தப்பாவும் உட்கார்ந்திருப்பார்கள். "ஏட்டி, உங்கப்பாட்ட அந்த ரிமோட்டத் தரச் சொல்லு" என்பார் சித்தப்பா. நான் அப்பாவைப் பார்த்து, "ரிமோட் வேணுமாம்" என்பேன். "எதுக்குன்னு கேளு" என்பார் அப்பா. இருவருக்கும் காது நன்றாகவே கேட்கும். ஆனாலும் என் வாய் வழியாகப் போகாத சொல் எதுவும் அவர்கள் காதில் ஏறாது. எட்டு வயதில் எனக்குத் தூதர் உத்தியோகம், சம்பளம்தான் கிடையாது.

சண்டைக்குக் காரணம் சித்தப்பாவின் போன். வேலை முடிந்து வந்ததும் அவர் பால்கனியில் நின்று தூத்துக்குடியில் இருந்த ஒரு பெண்ணோடு பேசுவார். எனக்குக்கூட ஒருமுறை போனைக் கொடுத்தார். "பாப்பா, ஒங்க சித்தப்பா சாப்பிட்டாரா?" என்று அந்த அக்கா கேட்டாள். அப்பாவுக்கு விஷயம் தெரிந்ததும் சத்தமே போடவில்லை. ஊருக்கு ஒரு போன் போட்டார், அவ்வளவுதான். பெரியவர்கள் இரண்டு வீட்டிலும் கூடிப் பேசி, அந்த அக்காவுக்கு வேறு எங்கேயோ அவசர அவசரமாகக் கல்யாணத்தை முடித்துவிட்டார்கள். சித்தப்பாவுக்குத் தகவல் வந்தது யாரோ வாட்ஸாப்பில் அனுப்பிய மாலையும் கழுத்துமான படமாக.

அன்று சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அவர் அப்பாவிடம் ஒன்றே ஒன்று சொன்னார். "ஒனக்கும் ஒரு நாள் என் கை தேவைப்படும்ணே. அன்னைக்குப் பாத்துக்கிடுதேன்." அதுதான் கடைசி. அதற்குப் பிறகு இருவரும் என் வழியாகத்தான் பேசினார்கள். வேடிக்கை என்னவென்றால், இரண்டு பேருக்கும் வேலை ஒரே இடத்தில், அஜ்மானில் கடல் உள்ளே நுழைந்து கிடக்கும் ஒரு கழியோரப் படகுப் பட்டறையில். அப்பாதான் விசா எடுத்துத் தம்பியை அங்கே கூட்டிவந்தவர். பாய்மரப் படகுகளில் பாய் கட்டும் மரத்தின் மேலே ஏறி விளக்கு, கப்பி, கம்பி எல்லாம் சரிபார்ப்பது அப்பாவின் வேலை. கீழே நின்று அவரைக் கயிற்றில் ஏற்றி இறக்குவது சித்தப்பாவின் வேலை. சண்டையானாலும் டியூட்டி டியூட்டிதானே.

அது ஜனவரி மாதம். விடுமுறை நாள். ஒரு வெள்ளைக்காரர் விட்டுப்போய் வருஷக்கணக்காகத் தண்ணீரில் கிடந்த படகு ஒன்றை யாரோ வாங்கியிருந்தார். அவர் பார்க்க வருவதற்குள் மரத்து உச்சி விளக்கு எரிந்தாக வேண்டும் என்று பட்டறை முதலாளி சொல்லிவிட்டார். அம்மாவுக்குக் கிளினிக்கில் டியூட்டி. என்னைத் தனியாக வீட்டில் விட முடியாது என்று அப்பா கூடவே அழைத்துப்போனார்.

வழியெல்லாம் பனி. வளைகுடாவில் வெயிலைப் பற்றித்தான் எல்லோரும் சொல்வார்கள், பனியைப் பற்றி யாரும் சொல்ல மாட்டார்கள். காருக்கு முன்னால் ரோடே இல்லை. மஞ்சள் விளக்குகள் மட்டும் மிதந்து வந்து பின்னால் போயின. முன்சீட்டில் அண்ணனும் தம்பியும் கல்லுளிமங்கன்கள் மாதிரி உட்கார்ந்திருக்க, பின்சீட்டில் நான் அந்த விளக்குகளை எண்ணிக்கொண்டு வந்தேன்.

பட்டறையில் ஆள் அரவமே இல்லை. படகுகள் பாதி பாதியாகத் தெரிந்தன. ஒன்றுக்கு முன்பக்கம் இல்லை, இன்னொன்றுக்கு மேல்பக்கம் இல்லை. காற்று துளிகூடக் கிடையாது. எல்லாப் படகும் மூச்சுக் காட்டாமல் நின்றன. அந்தப் படகில் மட்டும் ஒரு கயிறு மரத்தைத் தட்டிக்கொண்டிருந்தது. டொக், கொஞ்ச நேரம் கழித்து மறுபடி டொக். யாரோ உள்ளே இருந்துகொண்டு கதவைத் திறக்கச் சொல்வது போலிருந்தது. "எப்பா, காத்தே இல்லையே, அது ஏன் தட்டுது?" என்று கேட்டேன். அப்பா அண்ணாந்து பார்த்தார். "பனில கயிறு எளகும்" என்றார். அவர் குரலில் அவருக்கே நம்பிக்கை இருந்ததாகத் தெரியவில்லை.

மேலே ஏறும் முன் அப்பா செய்யும் காரியங்கள் எனக்கு மனப்பாடம். பையில் இருக்கும் சாவி, போன், சில்லறை எல்லாவற்றையும் எடுத்துவிடுவார். மோதிரத்தைக் கழற்றி என்னிடம் தருவார். ஸ்பேனரையும் திருப்புளியையும் கயிற்றால் இடுப்போடு கட்டிக்கொள்வார். கை தவறினாலும் கீழே நிற்பவர் மண்டையில் விழக்கூடாது. உட்காருவதற்கு ஒரு துணி நாற்காலி. அதை இரும்புக் கொக்கியில் மாட்டவே மாட்டார், கயிற்றையே நேராக முடிச்சுப் போடுவார். பிறகு தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் தொங்கி, குதித்துக் குதித்துப் பார்ப்பார். கயிறு அறுவதானால் அங்கேயே அறுந்து தொலையட்டும் என்பது கணக்கு.

இத்தனைக்கும் மேல் இரண்டாம் கயிறு என்று ஒன்று உண்டு. அது வேறொரு கப்பி வழியாக வந்து அவர் மார்புப் பட்டையில் தனியாகக் கட்டப்பட்டிருக்கும். அவர் மேலே ஏற ஏற, கீழே இருப்பவர் அதையும் தொய்வில்லாமல் இழுத்து இழுத்துக் கட்ட வேண்டும். முதல் கயிறு ஏமாற்றினால் இரண்டாம் கயிறு பிடித்துக்கொள்ளும். வழக்கமாக அதைப் பார்த்துக்கொள்பவர் ஒரு பெங்காலி பாய். அவர் லீவில் ஊருக்குப் போயிருந்தார். ஆகவே இரண்டு கயிறும் சித்தப்பாவின் கையில்.

அப்பா மார்புப் பட்டையை மாட்டிக்கொண்டு சும்மா நின்றார். தம்பியிடம் வாய்விட்டுக் கேட்கக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை, என்னிடமும் சொல்லவில்லை. சித்தப்பாவே வந்து, இரண்டாம் கயிற்றை அவர் மார்பில் கட்டி முடிச்சை இழுத்துப் பார்த்துவிட்டுப் போனார்.

"ஏத்தச் சொல்லுட்டி" என்றார் அப்பா.

"ஏத்தணுமாம்" என்றேன். சித்தப்பா மரத்தோடு பொருத்தியிருந்த, கயிற்றைச் சுருட்டி இழுக்கும் வின்ச்சைச் சுற்றினார். அது கடகடவென்றது. அப்பா மேலே போனார். முதலில் தலையைப் பனி விழுங்கியது, பிறகு வயிற்றை. கடைசியில் இரண்டு ஷூக்கள் மட்டும் அந்தரத்தில் நின்றன. அதையும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காணவில்லை. மேலே போகிற ஆளைக் கீழே நிற்கிற ஆள் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது அந்தத் தொழிலில் முதல் சட்டம். பனி விலகும்வரை பொறுக்கலாம் என்று யாராவது ஒருவர் சொல்லியிருக்க வேண்டும். யார் முதலில் சொல்வது?

"நிறுத்தச் சொல்லு" என்று வானத்திலிருந்து குரல் வந்தது. "நிறுத்தணுமாம்" என்றேன். சித்தப்பா நிறுத்திக் கட்டினார். "இன்னும் கொஞ்சம்." "இன்னும் கொஞ்சமாம்." இப்படியே போனது. பிறகு குரல் வருவதும் நின்றுவிட்டது. கடகட சத்தமும் இல்லை. அந்த டொக் சத்தம்கூட நின்றுவிட்டதை அப்போதுதான் கவனித்தேன். எனக்குப் பயமாக இருந்தது. படகின் பின்பக்கம் போய் உட்கார் என்று அப்பா சொல்லியிருந்தும் நான் எழுந்துபோய் மரத்தைக் கட்டிக்கொண்டேன்.

அது மரமே இல்லை, உள்ளே பொள்ளலான அலுமினியக் குழாய். ஐஸ் மாதிரி சில்லென்று இருந்தது. கன்னத்தை வைத்ததும் உள்ளே சத்தம் கேட்டது. காதை நன்றாக ஒட்டினேன். தண்ணீர் சலசலத்தது. அதற்கும் உள்ளே, வெகு தூரத்தில், அப்பா பேசிக்கொண்டிருந்தார்.

அதட்டிப் பேசுகிற அப்பா இல்லை. நான் அதுவரை கேட்டேயிராத குரல். யாரிடமோ கெஞ்சினார். "விட்டுராதல... தம்பி, விட்டுராதல..." நிறுத்துவார். மறுபடி அதே. மேலே பனிக்குள் அப்பாவுக்குப் பக்கத்தில் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள், அவரைப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

"சித்தப்பா! மேல யாரோ இருக்காங்க!"

"மேல யாரு இருப்பா? ஒங்கப்பாதான்."

"இல்ல. அப்பா யார்ட்டயோ பேசுதாரு. உள்ள கேக்குது."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "என்ன பேசுதாரு?"

கேட்டதைக் கேட்டபடி சொல்வதுதானே என் உத்தியோகம்? ஒரு எழுத்து மாற்றாமல் சொன்னேன். "விட்டுராதல தம்பி, விட்டுராதலன்னு சொல்லுதாரு. திரும்பத் திரும்பச் சொல்லுதாரு."

சித்தப்பாவின் முகம் பேயறைந்த மாதிரி ஆனது. காதை மரத்தில் வைத்துப் பார்க்கக்கூட இல்லை. குனிந்து, மேலிருந்து தொங்கிக்கொண்டிருந்த இரண்டாம் கயிற்றைப் பிடித்து இழுக்கத் தொடங்கினார். கை மாற்றிக் கை மாற்றி இழுத்தார். அடேயப்பா, எவ்வளவு கயிறு! வந்துகொண்டே இருந்தது. அவர் காலைச் சுற்றிக் குவிந்து என் முழங்கால் உயரத்துக்கு வந்துவிட்டது. எனக்குப் பயத்திலும் அது வேடிக்கையாக இருந்தது. சுருட்டி வைக்கலாமென்று கை வைத்தேன். "தொடாத!" என்று கத்தினார். ஒருவழியாகக் கயிறு விறைத்தது. அதை இன்னொரு வின்ச்சில் சுற்றி, கட்டி, கட்டியதை மறுபடியும் இழுத்துப் பார்த்தார். அவருக்கு மூச்சு வாங்கியது.

"ஏட்டி, ஒங்கப்பாட்ட சொல்லு" என்றார். "நான் விடமாட்டேன்னு சொல்லு."

வாயைக் குவித்துக்கொண்டு மேலே கத்தினேன். "எப்பா! சித்தப்பா விடமாட்டாராம்!"

நான் இன்னொரு தடவை கத்தப்போனேன். அப்போது மரத்தில் ஸ்பேனரால் தட்டுகிற சத்தம் இரண்டு முறை வந்தது.

விளக்கு வேலை முடிந்து, இறக்கச் சொல்லி மேலிருந்து குரல் வந்தது. சித்தப்பா முதல் கயிற்றைத் தளர்த்தத் தொடங்கினார். மேலே 'பட்' என்று துணி கிழிகிற சத்தம். அறுந்த கயிறு ஒன்று பனிக்குள்ளிருந்து சரசரவென்று இறங்கி என் முன்னால் விழுந்தது. உச்சிக் கப்பியில் சிக்கிச் சிக்கி, வெயிலில் வெந்து, கீழே எத்தனை குதித்துப் பார்த்தாலும் காட்டாத இடத்தில் அது தேய்ந்திருக்கிறது. மேலே ஏதோ மரத்தில் மோதியது. இரண்டாம் கயிறு சுண்டி இழுத்து நின்றது. சித்தப்பா அதன்மேல் பாய்ந்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அது கட்டித்தான் இருந்தது, ஆனாலும் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே! அண்ணே!"

பதில் இருமலாக வந்தது.

கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார். முதலில் ஷூ வந்தது, பிறகு வயிறு, பிறகு முகம். நெற்றியில் ரத்தம். தரையில் கால் பட்டதும் அப்பா அப்படியே மடிந்து உட்கார்ந்தார். சித்தப்பாவின் உள்ளங்கை உரிந்திருந்தது. நான் அழுதுகொண்டிருந்தேன். என்னை யாரும் தேற்றவில்லை. ஒருவரையொருவர் பார்க்காமல் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

"எப்பா, மேல யார்ட்ட பேசுனீங்க?" என்று கேட்டேன்.

"பேசுனனா? நானா?" என்றார். "வாயில டேப்பக் கடிச்சிக்கிட்டு ஒயரு சுத்திட்டிருந்தேன். நான் வாயே தொறக்கல புள்ள."

இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்கிறார். அப்பா பொய் சொல்கிற ஆள் இல்லை என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் பொய்யின் களை இருப்பதில்லை, பயத்தின் களைதான் இருக்கிறது.

அன்று மாலை அம்மா டியூட்டி முடிந்து வந்து, அப்பாவின் நெற்றியையும் சித்தப்பாவின் கையையும் பார்த்துப் பதறிப்போனாள். "விட்டத்துல இடிச்சிட்டேன்" என்று அப்பா சமாளித்தார். சாப்பிட உட்கார்ந்தோம். எனக்கு வாய் சும்மா இருக்குமா? "அம்மா, சித்தப்பா எவ்வளவு கயிறு இழுத்தாரு தெரியுமா? அப்பா உச்சிக்குப் போனப்புறம் இழுத்தாரு, இழுத்தாரு, வந்துக்கிட்டே இருந்துச்சு. என் முட்டி வரைக்கும் குமிஞ்சு போச்சு!" என்று கையை வைத்துக் காட்டினேன்.

சித்தப்பாவின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. அம்மாவுக்கு அந்தத் தொழில் தெரியும், ஊரில் அவள் அப்பாவும் தோணிக்காரர்தான். "உச்சிக்குப் போனப்புறமா?" என்று மெதுவாகக் கேட்டுவிட்டு, சித்தப்பாவைப் பார்த்தாள்.

"அது பழைய கயிறு, நீளம் ஜாஸ்தி. மிச்சக் கயிறத்தான் இழுத்திருக்கான்" என்றார் அப்பா, சோற்றைப் பிசைந்தபடியே. பிறகு தலையைத் தூக்காமல், "தம்பி, கொழம்ப ஊத்திச் சாப்பிடு. கையி எரிஞ்சா ஸ்பூனு எடுத்துக்க" என்றார்.

சித்தப்பா எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார். அங்கே அவர் தோள்கள் குலுங்கியதைப் பார்த்தேன். கை எரிகிறதென்று அழுகிறார் போலிருக்கிறது என்று நினைத்து ஸ்பூனை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

கயிற்றில் மிச்சம் என்று எதுவும் இருக்கவில்லை. அன்று சித்தப்பாவின் காலடியில் குவிந்தது அப்பா விழவேண்டியிருந்த தூரம். அது எவ்வளவு என்பது அந்த இருவருக்கும் தெரிந்திருந்தது.