அய்யாதுரையின் சிவப்புத் துணிகள்

யார் சொன்னாலும் உடனே நம்பிவிடமாட்டார் அய்யாதுரை. தி. நகரில் அவருடைய ஜவுளிக்கடை ரொம்பச் சின்னது. ஒரு சேலை சாயம் போனால் போதும், வாங்கியவள் வாசலில் நின்று போடும் சத்தத்துக்குத் தெருவே திரும்பிப் பார்க்கும்.

அந்த வருஷம் தீபாவளிக்குப் புது மில் ஒன்றின் சிவப்புச் சேலைகளை எடுக்கச் சொல்லி வந்தான் வைரவன். அந்த மில்லுக்கு அவன் ஏஜெண்ட். அய்யாதுரையின் மனைவி புஷ்பத்தின் தம்பியும்கூட. வேண்டாமென்றால் வீட்டில் ஒரு முகம் வாடும். எடுத்துச் சாயம் போனால் கடையின் பெயர் கெடும்.

"ஒங்க பழைய மில்லுச் சிவப்பவிட இது கெட்டி அத்தான்."

"தொவச்சுப் பாத்துட்டுச் சொல்லுதேன் மாப்ள."

இரண்டு மில் துணியிலும் ஒரே அளவில் துண்டு வெட்டிப் புஷ்பத்திடம் கொடுத்தார். ஒரு வாரம் துவைத்தாள். தம்பியின் துணி அப்படியே இருந்தது. பழைய மில் துணி வெளுத்திருந்தது. அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. அவருக்கு என்னவோ உறுத்தியது. மொட்டைமாடிக்கு ஏறிப் பார்த்தார். பழைய மில் துணி கொடியில், வெயிலில். தம்பியின் துணி மாடிப்படி நிழலில்.

"இத ஏன் இங்க போட்டிருக்க?"

"தம்பி கொண்டாந்ததாச்சே. வெயில்ல போட மனசு வரல."

"தொவச்ச தண்ணியாவது ஒண்ணுதான?"

"அவன் துணிக்குக் கார்ப்பரேஷன் தண்ணி. மத்ததுக்குக் கெணத்துத் தண்ணி."

"உப்புத் தண்ணியா! அந்தத் துணி ஒனக்கு என்ன பாவம் பண்ணிச்சு?"

மறுபடி வெட்டினார். எது யாருடையது என்று அவளுக்குத் தெரியாதபடி, ஒன்றின் மூலையில் மட்டும் ஒரு தையல் போட்டுக்கொண்டார். துணிக்கொரு வாளி, கிணற்றுத் தண்ணீர், ஒரே சோப்பு.

இரண்டு நாள் கழித்து மாடிக்குப் போனால் கொடி காலி. இரண்டு துணியும் படி நிழலில் கிடந்தன.

"இப்ப என்னடி?"

"எது அவனுதுன்னு தெரியல. அதான் ரெண்டையும் இங்க போட்டேன்."

அய்யாதுரை படியிலேயே உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். "பாரபட்சம் இல்ல, ஒத்துக்கிடுதேன். ஆனா சேலை வாங்குறவ வெயில்லதான காயப்போடுவா?"

அதற்குப் பிறகு காயப்போடும் வேலையை அவரே எடுத்துக்கொண்டார். ஒரு வாரத்தில் இரண்டும் லேசாக வெளுத்தன. புஷ்பம் ஜன்னலோரம் பிடித்து மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

"ஒரு வித்தியாசமும் தெரியலயே" என்றாள், குரல் இறங்கி.

"எனக்கும் தெரியல. அதுதான் நல்ல சேதி."

ஞாயிற்றுக்கிழமை வைரவன் சாப்பிட வந்தான்.

"ஒன் துணி ஒசத்தியும் இல்ல, மட்டமும் இல்ல மாப்ள. தீபாவளிச் சேலையில சரிபாதி ஒங்கிட்ட எடுத்துக்கிடுதேன்."

"பாதிதானா அத்தான்?"

"வாய மூடிட்டுச் சாப்பிடுடா" என்று புஷ்பம் அவன் இலையில் சோற்றை வைத்தாள்.