கோட்டில் வைத்த புள்ளி

கரும்பலகையில் ஒரு கோடு இழுத்து, நடுவில் சாக்பீஸால் புள்ளி வைத்து, "இதுதான் இரண்டின் வர்க்கமூலம்" என்றார் விரிவுரையாளர். அறுபதுகளின் தொடக்கம், சேலத்தில் கணிதப் பட்டப்படிப்பு வகுப்பு. பின்னங்களை மட்டும் வைத்துக்கொண்டு மெய்யெண்களை உருவாக்கிக் காட்ட வேண்டும், அதுதான் பாடம். நேர்ப் பின்னங்களில் வர்க்கம் இரண்டுக்குக் குறைந்தவை இடப்பக்கம், மற்றவை வலப்பக்கம். அதுவரை சரி. இன்னும் உருவாக்காத எண்ணுக்கு அதற்குள் புள்ளி எங்கிருந்து வந்தது? எழுந்து கேட்டேவிட்டேன்.

"கொல்லிமலையிலேர்ந்து இறங்கி வந்த உடனே எல்லாம் புரிஞ்சிடணுமா? மனப்பாடம் பண்ணு. லீவு முடிஞ்சதும் போர்டுல இந்த நிரூபணத்தைப் போட்டுக் காட்டணும். முடியலைன்னா கணக்கை விட்டுட்டு வேற வகுப்புக்குப் போயிடு" என்றார். வகுப்பே சிரித்தது. எனக்குக் காதுமடல்வரை சுட்டது. மனப்பாடம் மட்டும் செய்வதில்லை என்று அங்கேயே முடிவு கட்டினேன்.

லீவுக்கு மலையேறி, திண்ணனூர் நாட்டில் எங்கள் காட்டில் களை எடுத்தபடி அதையே மென்றுகொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் காட்டைப் பங்கு பிரித்தால் எல்லைக்கல் நடும் வழக்கமில்லை. மேல்சரிவில் பெரியப்பா சாமை விதைப்பார், கீழே அப்பா தினை விதைப்பார், அவ்வளவுதான். அங்கே பிறந்து வளர்ந்த நானோ, பின்னங்களின் இரண்டு கூட்டத்துக்கும் நடுவே ஒரு எண் கல் மாதிரி நின்றே ஆக வேண்டும் என்று தாளில் தேடித் தேடி லீவில் பாதியைத் தொலைத்தேன். கண்ணெதிரே சாமையும் தினையும் நிற்கின்றன, நடுவில் கல் இல்லை. பிரித்ததுதான் எல்லை. அந்தப் பிரிவேதான் எண்! களைக்கொத்தைப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

அப்பாவுக்குப் பயம். "வாத்தியார எதுத்துப் பேசிப்போட்டு எப்புடி பாஸ் பண்ணுவ சாமி? அவரு சொன்னதையே எழுதிப்போட்டு வந்துரு."

"தப்ப எழுதமாட்டேனுங்கப்பா."

லீவு முடிந்து போர்டுக்குப் போனேன். புள்ளி வைக்கவில்லை. இடப்பக்கத்தில் எந்தப் பின்னத்தைக் காட்டினாலும் அதைவிடப் பெரியது அதே பக்கத்தில் உண்டு. வலப்பக்கத்தில் எதைக் காட்டினாலும் அதைவிடச் சிறியது அங்கேயே உண்டு. இரண்டையும் நிறுவினேன். ஆகவே எல்லையில் நிற்கும் பின்னம் எதுவுமில்லை, இந்தப் பிரிவையே எண் என்கிறோம் என்று எழுதி முடித்தேன்.

"புள்ளி எங்கே? நான் நடத்தின மாதிரி இல்லையே. அழி."

"எந்த வரி தப்புன்னு சொல்லுங்க சார், அத அழிச்சர்றேனுங்க."

டஸ்டரைக் கையில் எடுத்துக்கொண்டு முதல் வரியிலிருந்து படித்தார். மறுபடியும் படித்தார். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. நான் சாக்பீஸைக் கீழே வைக்கவில்லை.

கடைசியில் டஸ்டரை மேசைமேல் வைத்தார். "தப்பில்ல. போய் உட்காரு."

நான் நகரவில்லை.

"இந்தக் கணக்கு வகுப்புலயேதானுங்களே, சார்?" என்று கடைசி பெஞ்சுக்கும் கேட்கும்படி கேட்டேன்.