மரக்கட்டையில் எழுதிய நேரம்

பாறைக் கிடங்கில் எல்லோருக்கும் அவர் பெட்டிக்காரர்தான். பெற்றவர்கள் வைத்த பேர் வருகைப் பதிவேட்டோடு சரி. பூமியைத் துளைத்து எடுக்கும் உருளைக் கற்களை ஆழ வரிசை பிசகாமல் நீளப் பெட்டிகளில் அடுக்குவது அவர் வேலை. இருபத்தேழு வருஷத்தில் ஒரு துண்டைக்கூடத் தலைகீழாக வைத்ததில்லை.

சில ஆழங்களில் துளைக்கருவி வெறுங்கையோடு மேலே வரும். கல் நொறுங்கித் தண்ணீரோடு போயிருக்கும். அந்த இடத்தில் அதே நீளத்துக்கு ஒரு மரக்கட்டையை வைத்து, எங்கிருந்து எது வரை என்று எழுத வேண்டும். சோம்பேறிகள் கற்களை நெருக்கித் தள்ளி இடைவெளியை மறைத்துவிடுவார்கள். அப்படிச் செய்கிறவர்கள் மேல் அவர் எரிந்து விழுவார். "ஒண்ணையொண்ணு பார்த்தே இராத ரெண்டு காலத்தைப் பக்கத்துல படுக்க வைக்கிறியே! இல்லாததுக்கும் இடம் விடணும்யா." மறுபடி கல் வந்த பிறகுதான் 'வரை' எழுதுவார். முன்கூட்டி எழுதச் சொன்னால் மேலதிகாரியாக இருந்தாலும் முறைப்புதான்.

ஒருநாள் நிலவியல் மேடம் புதுப் பெட்டி ஒன்றில் ஒரு கோட்டைக் காட்டினார்.

"இதுக்குக் கீழ இருக்கிற கல்லுக்கு ஐம்பது கோடி வருஷம் அண்ணா. மேல இருக்கிறதுக்கு எட்டு கோடி."

"எப்படிச் சொல்றீங்க மேடம்?"

"மேல சிப்பி இருக்கு பாருங்க. இந்த வகை எப்போ வந்துச்சு, எப்போ அழிஞ்சுதுன்னு தெரியும். ஒரு உயிர் மறையிற இடத்துலயோ புதுசா ஒண்ணு தோணுற இடத்துலயோதான் பல காலங்களுக்குக் கோடு போட்டுப் பேர் வச்சிருக்கோம்."

"நடுவுல நாப்பத்திரண்டு கோடி?"

"காணோம். அரிச்சுப் போச்சா, படியவே இல்லையான்னு கல்லைக் கேட்டாத்தான் தெரியும்."

தலைமுடி தடிமன்கூட இல்லாத கோடு. அவர் அதில் நகத்தை வைத்தார்.

"இதுக்குக் கட்டை வைக்க வேண்டாமா?"

"இடமே இல்லையே, எங்க வைப்பீங்க?" என்று மேடம் சிரித்தார். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த வாரம் அவருடைய சாப்பாட்டுப் பையில் ஒரு சின்னக் கட்டை கிடந்தது. 'திங்கள் 11 முதல் 2 வரை.' அவருடைய கையெழுத்தேதான்.

ஜீப் டிரைவரின் குறும்பு என்று நினைத்துச் சண்டைக்குப் போனார்.

"நானா? அன்னைக்கு அந்த நேரம் பூரா என்கூடத்தானே பேசிட்டே அடுக்கினீங்க! உங்க பொண்ணு பொறந்த கதையைச் சொல்லி அழுதீங்களே."

அவர் அந்த நாளை யோசித்துப் பார்த்தார். பதினொரு மணிக்குப் பென்சில் சீவியது ஞாபகம் இருந்தது. இரண்டு மணிக்குக் கை கழுவியது ஞாபகம் இருந்தது. நடுவில் அந்தக் கோடு மாதிரி இரண்டும் ஒட்டிக்கொண்டு கிடந்தன. போய்ப் பார்த்தால் அன்று அடுக்கிய பெட்டிகள் கனகச்சிதம். அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு யாரோ வந்து அவரைவிட ஒழுங்காக வேலை பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். போகும்போது கணக்காகக் கட்டையும் வைத்துவிட்டார்கள்.

கட்டைகள் தொடர்ந்து வந்தன. ஒவ்வொன்றும் முந்தையதைவிட நீளம். கிடங்கின் கடைசி வரிசையில், காலிப் பெட்டி ஒன்றில், நாள் வரிசைப்படி அடுக்கி ஒளித்தார். பயத்திலும் வரிசை பிசகவில்லை, மனுஷனை என்ன சொல்வது! வேலை போனால் போகட்டும் என்றிருந்தது. பெண்டாட்டியைப் பார்த்து ஒருநாள் யார் நீ என்று கேட்டுவிடுவோமோ என்பதுதான் பெரிய பயம். அதனாலேயே அவளிடம் இரண்டு மாதம் மூச்சு விடவில்லை.

ஒரு சனிக்கிழமை மதியம் பொறுக்க முடியாமல் கட்டைகளையெல்லாம் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து அவள் முன்னால் கொட்டினார். விஷயத்தைச் சொன்னார். துணி மடித்துக்கொண்டிருந்த அவள் அதிரவில்லை. எழுந்து போய், அலமாரிக்குள்ளிருந்து ஒரு செருப்புப் பெட்டியை எடுத்துவந்தாள். அதற்குள்ளும் கட்டைகள்.

"வீட்டுலயும் வச்சீங்க. திருப்பிப் பாருங்க."

பின்பக்கங்களில் அவள் கையெழுத்து. 'செவ்வாய். எனக்குக் கால்வலித் தைலம் தேய்த்துவிட்டார்.' 'வியாழன். மகளோடு போனில் பேசினார், பேர் சொல்லவில்லை.' 'ஞாயிறு. என்னை அக்கா என்று கூப்பிட்டார்.'

"அப்படியா கூப்பிட்டேன்?"

"ஆமாங்க. நானும் சரி தம்பின்னுட்டேன்." அவள் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "காணாமப் போன நேரம்னு நீங்க நினைக்கிறீங்க. நான் கூடவேதாங்க இருந்தேன்."

அவருக்கு அழுகை வந்தது. வெட்கப்படாமல் அழுதார். கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்தபோது மடியில் இன்னொரு கட்டை கிடந்தது. முழங்கை நீளம். 'சனி மதியம் முதல்.' அதோடு சரி. மீதி வெறும் மரம்.

"இதை எப்போ எழுதினேன்?"

"நான் பெட்டியை எடுக்கப் போனப்ப."

அவர் விரலில் பென்சில் கரி இருந்தது. பென்சிலும் கையிலேயே இருந்தது.

"'வரை' எழுதலையே."

"மறுபடி கல்லு வந்தாத்தானே எழுதணும்? நீங்கதானே சொல்லுவீங்க."

அவர் கட்டையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மரியாதையாக எழுந்து நின்று பென்சிலை நீட்டினார்.

"வந்தா நீங்க எழுதிடுறீங்களா அக்கா?"

"சரி தம்பி" என்று அவள் பென்சிலை வாங்கிக்கொண்டாள்.