எந்த மீனோட எந்த மீனை விடலாம்?

கண்ணாடித் தொட்டிக்கு மீன் பாக்கறதும் கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கறதும் ஒரே வேலைதான். நல்லா அமைஞ்சா பேரு யாருக்கோ போகும், கெட்டுப்போனா நம்ம தலை உருளும். நான் பதுளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பங்களாவுல வேலைக்காரன். எங்க வெள்ளைக்காரத் தொரசாணி சீமையிலிருந்து தொட்டி கொண்டாந்து வச்ச நாளா மீனும் என் பொறுப்பு. அப்புறம் டவுன்லயும் ரெண்டு மூணு பேருக்கு அந்த ஆசை தொத்திக்கிச்சு. தொட்டி வச்சு அவதிப்பட்டவங்களே, நீங்களும் நம்ம கட்சிதான், கேளுங்க.

என் சங்கதியையும் சொல்லிடறேன். என் சம்சாரம் அங்கம்மா மடுல்சீமைத் தோட்டத்துல கொழுந்து எடுக்கறா. அங்க உள்ள தொரை 'துண்டு' எழுதிக் குடுத்தாத்தான் அவ வேற தோட்டத்துல பேரு பதிய முடியும். அவரு அவளை விடல, என் தொரை என்னை விடல. கல்யாணமாகி எட்டு மாசத்துல நாங்க சேந்து இருந்தது பதினோரு நாள்.

பூனை மேல பழி

பதுளைக் கடைத்தெருவுல துணிக்கடை வச்சிருந்த முதலாளி ஒருத்தரு, பெரிய கண்ணாடிச் சாடியில எட்டு கெண்டைக்குஞ்சு வளத்தாரு. யாரோ கொண்டாந்து குடுத்த ரெண்டு சிவப்புக் குஞ்சு, நெறம் அழகா இருக்கேன்னு அதையும் உள்ள விட்டுட்டாரு. வாரத்துக்கு ஒரு கெண்டை காணாமப் போச்சு. பக்கத்து வீட்டுப் பூனைதான் திருடுதுன்னு முழக்கோலை எடுத்துக்கிட்டுத் தெரு முழுக்க வெரட்டியிருக்காரு.

நான் போய்ப் பாத்தா, ரெண்டும் விரால் குஞ்சு! சின்னதுலதான் அந்தச் சிவப்பு. வளந்தா கறுத்துப்போய், கூட இருக்கறதை எல்லாம் முழுங்கிரும். விவரம் சொன்னதும் மனுசன் அப்படியே பெஞ்சுல உக்காந்துட்டாரு.

"அட அல்லாவே! இனி அந்தப் பூனை மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்?"

வால் கடிச்ச கெண்டை

தொரசாணிக்குக் கொழும்புலேருந்து பொன்மீன் வந்துச்சு. பண்டாரவளை வரைக்கும் ரயில், அதுக்கப்புறம் மாட்டுவண்டி. முந்தானை மாதிரி நீள வாலு. நான் புத்தி கெட்டுப்போய், ஓயா ஆத்துல புடிச்ச கெண்டை ரெண்டை அதோட விட்டேன். காலையில வாலு கந்தல். நான் வாங்கிக் கட்டிக்கிட்டது கொஞ்ச நஞ்சமில்ல.

கெண்டையை வேற தொட்டிக்கு மாத்தினேன். ஒன்னு செத்துருச்சு. மத்தது மூலையில போய் நின்னுக்கிச்சு, புழு போட்டாலும் தொடல. "இது கூட்டமாத் திரியற சாதிங்க. ஏழெட்டு ஒன்னா இருந்தா தங்களுக்குள்ளேயே ஓடிப் புடிச்சு விளையாடிக்கும். தனியா விட்டாத்தான் கண்டதையும் கடிக்கும், இல்லன்னா இப்படி ஏங்கிப் போயிரும்"னேன். தொரசாணிக்குக் கண்ணு கலங்கிருச்சு.

"ஐயோ பாவம்! தனியா இருக்க ஏலாது. இன்னைக்கே போய்க் கூட்டாளி கொண்டு வா!"

கடுதாசி

எங்கேருந்துதான் தைரியம் வந்துச்சோ, "எனக்கும் அதே கதிதாங்க"ன்னு அங்கம்மா விசயத்தைச் சொல்லிப்புட்டேன். தொரசாணி அத்தோட விடல, அங்கம்மாவுக்குத் துண்டு குடுக்கச் சொல்லித் தன் புருசனை மடுல்சீமைத் தொரைக்குக் கடுதாசி எழுத வச்சாங்க. சும்மா போகக்கூடாதுன்னு ஆறு கெண்டையும் குடுத்து விட்டாங்க. கடுதாசியை மடியில செருகி, மீன்பானையைத் தலையில வச்சு, பசறை வழியா நடந்தேன். வழியில கண்ட ஓடையில எல்லாம் தண்ணி மாத்தினேன். இந்தத் தடவை கூட்டிட்டு வந்துருவேன்னு எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

அந்தத் தொரை பானைக்குள்ள பாத்துக் கொழந்தை மாதிரி சிரிச்சாரு. எத்தனை மீனை ஒன்னா விடணும்னு கேட்டாரு. "ஆறும் ஒன்னாத்தாங்க, பிரிச்சா தாங்காது"ன்னேன். தலையை ஆட்டிக்கிட்டாரு. அப்புறம் கடுதாசியைப் படிச்சு, கணக்கப்பிள்ளையைக் கூப்பிட்டு என்னமோ இங்கிலீசுல சொன்னாரு. கணக்கப்பிள்ளை என் பக்கம் திரும்பினாரு.

"ஆறையும் ஒரே தொட்டியிலதான் விடணும்னு உத்தரவு. ஒம் பொண்டாட்டி நல்லாக் கொழுந்து எடுக்கறவளாம், இப்ப துண்டு இல்லயாம்."

ஓடையில

மறுநாள் ஞாயித்துக்கெழம. அங்கம்மா இருக்கற லயத்து வீட்டு வரிசைக்குக் கீழ உள்ள ஓடையில நானும் அவளும் அயிரை புடிக்க எறங்கினோம், தொரசாணி கேட்டிருந்தாங்க. அயிரை சாது, அடித்தரையை மேஞ்சுக்கிட்டு, யார் வம்புக்கும் போகாது. பழைய சேலையை ஆளுக்கு ஒரு பக்கம் புடிச்சோம். அங்கம்மா வழுக்கி இடுப்பளவு தண்ணியில உக்காந்துட்டு, சிரி சிரின்னு சிரிச்சா. அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு நாளாச்சு!

தோட்டத்து எல்லை வரைக்கும் கூட வந்தா. பானையில ரெண்டு அயிரை ஒட்டிக்கிட்டே திரிஞ்சுச்சு. அதுக்கு மேல வாழையெலையைப் போட்டு மூடி, என் தலையில ஏத்தி வச்சா. எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கமே நின்னுக்கிட்டா.

"ஏங்க, இதுகளுக்கு யாரு துண்டு எழுதிக் குடுத்தா?"

இன்னும் பங்களாவுக்குப் பங்களா, எந்த மீனோட எந்த மீனை விடலாம்னு என்னைத்தான் கேட்டு அனுப்புறாங்க. நானும் பெரிய விவரக்காரன் மாதிரி, சேந்து பழகினதைப் பிரிக்காதீங்கன்னு சொல்லி அனுப்பிட்டு, ராத்திரி ஒத்தப் பாயை விரிச்சுப் படுத்துக்கறேன்.